ஊசியும் மருந்தும் யார் கையில்? லிங்கன் டீடாக்ஸின் வரலாறு

'சிறுத்தை' என்ற பெயர் நமக்கு எங்கிருந்து வந்தது என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரை 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசால், ராஜா தாலே, ஜெ.வி. பவார் போன்ற இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். அது மதுரை வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆனால் கருஞ்சிறுத்தைகளைப் பற்றி நம் தோழர்களிடம் பேசினால் கறுப்புத் தொப்பி, தோல் சட்டை, துப்பாக்கி என்ற அளவில் பேச்சு நின்றுவிடுகிறது. அவர்கள் குழந்தைகளுக்குக் காலை உணவு போட்டதையாவது சிலர் சொல்வார்கள். இலவச மருத்துவமனைகள் நடத்தியதையும், நியூயார்க்கில் போர்ட்டோ ரிக்கோ தோழர்களோடு சேர்ந்து ஒரு அரசு மருத்துவமனைக்குள் புகுந்து போதை மீட்பு மையம் தொடங்கியதையும் சொல்பவர்கள் மிகக் குறைவு.

அந்த மையத்தின் கதையை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். அதன்பின் நிவாரணம் பற்றிப் பேசினோம், டாஸ்மாக்கை மூடுவது பற்றிப் பேசினோம், அக்டோபர் 2ஆம் தேதி உளுந்தூர்பேட்டையில் பெண்கள் மாநாடே நடந்தது. எல்லாம் தேவைதான். ஆனால் இன்றைக்குக் குடியில் மாட்டிக்கொண்டிருக்கிற மனிதனுக்கு எந்தச் சிகிச்சை, அது வேலை செய்யும் என்பதற்கு என்ன ஆதாரம், அதை யார் தருவது என்ற கேள்வி நம் மேடைகளில் ஏறவில்லை. 'சான்று அடிப்படையிலான சிகிச்சை' என்று யாராவது சொன்னால் அது என்ஜிஓ பாஷை, உலக வங்கி பாஷை என்று முகம் சுளிக்கிறோம். லிங்கன் டீடாக்ஸ் நடத்தியவர்களும் அப்படித்தான் சுளித்தார்கள். அவர்கள் சுளித்ததற்கு நம்மைவிட வலுவான காரணங்கள் இருந்தன.

தெற்கு பிராங்க்ஸ், 1970. நியூயார்க் நகரத்தின் ஏழைப் பகுதி. குடியிருந்தவர்கள் பெரும்பாலும் போர்ட்டோ ரிக்கோக்காரர்களும் கறுப்பின மக்களும். அவர்களுக்கு இருந்த பெரிய மருத்துவமனை லிங்கன். இடிந்து விழுகிற கட்டடம். சுற்றுவட்டார மக்கள் அதைக் 'கசாப்புக் கடை' என்றே அழைத்தார்கள். ஜூலை 14 அதிகாலை 'யங் லார்ட்ஸ்' என்ற போர்ட்டோ ரிக்கோ இளைஞர் அமைப்பு மருத்துவமனைக்குள் புகுந்து பன்னிரண்டு மணி நேரம் அதைக் கையில் வைத்திருந்தது. மருத்துவமனையின் கடைநிலை ஊழியர்களும் சில இளம் மருத்துவர்களும் அவர்களோடு நின்றார்கள். அதே மாதம் அங்கே கருக்கலைப்புக்கு வந்த ஒரு போர்ட்டோ ரிக்கோ பெண் செத்துப்போனார். நவம்பர் 10ஆம் தேதி மறுபடி புகுந்தார்கள். இந்த முறை செவிலியர் குடியிருப்புக் கட்டடத்தின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு, 'ஹெராயினை விட விரும்புகிறவர்கள் வாருங்கள்' என்று அறிவித்தார்கள். யங் லார்ட்ஸ், கருஞ்சிறுத்தைகள், மருத்துவமனை ஊழியர் அமைப்பு, முன்னாள் போதை அடிமைகள் எல்லோரும் சேர்ந்த கூட்டணி அது. அதிகாரிகள் வெளியேற்றப் பார்த்தார்கள், முடியவில்லை. கடைசியில் பணமும் ஒதுக்க வேண்டியிருந்தது.

அப்போது ஹெராயின் அந்தப் பகுதியைத் தின்றுகொண்டிருந்தது. மாடிப்படியில், கழிவறையில், பள்ளிக்கூடச் சந்தில் பிணங்கள் கிடந்தன. மருத்துவ உலகம் புதிதாக ஒரு மருந்தைக் காட்டியது: மெத்தடோன். இரண்டாம் உலகப் போரை ஒட்டி ஜெர்மனியில் உருவான செயற்கை ஓபியம். 1965இல் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் 22 ஹெராயின் அடிமைகளுக்கு அதைத் தினமும் வாய்வழியாகக் கொடுத்து, அவர்கள் ஹெராயினைத் தேடி அலைவது நின்றது, வேலைக்கும் படிப்புக்கும் போனார்கள் என்று எழுதினார்கள். நைஸ்வாண்டர் சாதாரண ஆள் இல்லை. கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் என்ற ஊரில் அமெரிக்க அரசு நடத்திய, பாதி சிறையும் பாதி மருத்துவமனையுமான இடத்தில் வேலை பார்த்து, அங்கே நடந்ததைக் கண்டு வெறுத்து வெளியே வந்தவர். கிழக்கு ஹார்லெமில் தெருவோரக் கடை போன்ற இடத்தில் உட்கார்ந்து போதை அடிமைகளைப் பார்த்தவர். 'இவர்கள் குற்றவாளிகள் அல்ல, நோயாளிகள். சர்க்கரை நோய்க்காரருக்கு இன்சுலின் போல இவர்களுக்கு நீண்டகாலம் மருந்து வேண்டும்' என்பதுதான் இருவரின் வாதமும்.

பிராங்க்ஸ் தோழர்கள் இதை நம்பவில்லை. மைக்கேல் டேபர் என்ற கருஞ்சிறுத்தைத் தோழர் எழுதிய சிறு வெளியீட்டின் தலைப்பே 'முதலாளியம் கூட்டல் போதை, சமம் இனப்படுகொலை' என்று இருந்தது. ஹெராயினைச் சேரிக்குள் விட்டதும் இந்த அமைப்பு, இப்போது வேறொரு போதையைப் பாட்டிலில் ஊற்றித் தருவதும் அதே அமைப்பு. கிளர்ச்சி செய்யக்கூடியவனை வரிசையில் நிறுத்தி மயக்கத்தில் வைப்பதுதான் நோக்கம் என்பது அவர்கள் முடிவு. 1971இல் நிக்சன் போதையை நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்து, அதே கையால் மெத்தடோன் மையங்களையும் பெருக்கினார். நிக்சன் தருகிற மருந்தை எந்தக் கறுப்பின இளைஞன் நம்புவான்? அடுத்த வருடம் டஸ்கேகி விவகாரம் வெளியே வந்தது. அலபாமாவில் மேகநோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு, பெனிசிலின் வந்த பிறகும் சிகிச்சை தராமல், நோய் எப்படி வளர்கிறது என்று 40 ஆண்டுகள் அரசு மருத்துவர்கள் வேடிக்கை பார்த்திருந்தார்கள். அதுவும் 'ஆய்வு' என்ற பெயரில்தான். போர்ட்டோ ரிக்கோ தீவில் 1960களின் நடுவில் தாய்மார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டிருந்தது. இந்த வரலாற்றை உடம்பில் சுமப்பவர்களிடம் போய் 'ஆராய்ச்சி சொல்கிறது' என்றால், அவர்கள் 'யாருடைய ஆராய்ச்சி?' என்று கேட்பார்கள். கேட்க வேண்டும்.

ஆகவே லிங்கனில் அவர்கள் மெத்தடோனை நீடித்துக் கொடுக்கவில்லை. பத்து நாள், அளவைக் குறைத்துக்கொண்டே போய் நிறுத்திவிடுவது. அந்தப் பத்து நாளும் கூடவே அரசியல் வகுப்பு: வீட்டு வாடகை ஏன் ஏறுகிறது, போலீஸ் யாரைப் பிடிக்கிறது, போதை வியாபாரத்தில் யார் கொழுக்கிறார்கள். ஆலோசகர்கள் பெரும்பாலும் முன்னாள் போதை அடிமைகளும் அந்தத் தெருவைச் சேர்ந்தவர்களும். ஸ்பானிஷ் பேசத் தெரிந்தவர்கள். உள்ளே வருகிறவனைத் திருடன் என்று பார்க்காதவர்கள். சமூகவியல் படித்த எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்: நோயாளியைத் தன் நிலையைத் தானே ஆராய்கிற மனிதனாக உட்காரவைத்தார்கள்.

பிறகு ஊசி வந்தது. 1971இல் பீக்கிங் போன நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு அங்கே குடல்வால் அறுவை நடந்து, பிந்தைய வலிக்கு அக்குபங்சர் செய்தார்கள். அவர் அதை எழுதப் போக, அமெரிக்கா முழுக்க ஊசி மோகம். ஹாங்காங்கில் வென் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர், அறுவைக்காக அக்குபங்சர் செய்த நோயாளிகளில் ஓபியம் பழக்கம் இருந்தவர்களுக்குப் போதை விடும்போது வரும் உடல் துன்பம் குறைந்ததைக் கவனித்து 1973இல் வெளியிட்டார். லிங்கன் தோழர்களுக்கு இது தேடிப்போன வழியே கையில் விழுந்தது போலாயிற்று. மாவோவின் சீனத்திலிருந்து வருகிற மருத்துவம். மருந்துக் கம்பெனிக்குக் காசு இல்லை. வெறுங்கால் மருத்துவர்கள் போலத் தெருப் பிள்ளைகளே கற்றுக்கொள்ளலாம். கறுப்பின விடுதலை இயக்கத்தைச் சேர்ந்த முதுலு ஷகூர் உள்ளிட்டவர்கள் முறையாகப் பயின்று காதில் ஊசி குத்தினார்கள். (பாடகர் டூபாக்கின் வளர்ப்புத் தந்தை என்று சொன்னால் நம் தம்பிகளுக்கு உடனே புரியும்.) மெத்தடோன் படிப்படியாக விலகியது, ஊசி மையத்துக்கு வந்தது.

1978 நவம்பரில் மேயர் எட் காச்சின் நிர்வாகம் போலீசை வைத்து அந்த மையத்தைக் காலி செய்தது. பண முறைகேடு என்று சொன்னார்கள், அரசியல்தான் காரணம் என்று இவர்கள் சொன்னார்கள். ஊசி மட்டும் வேறு கட்டடத்தில் தொடர அனுமதிக்கப்பட்டது. அரசியல் வகுப்பு போயிற்று. அங்கே இருந்த மனநல மருத்துவர் மைக்கேல் ஸ்மித், காதில் ஐந்து இடங்களில் குத்துகிற முறையை ஒழுங்குபடுத்தி 1985இல் ஒரு சங்கமாக்கினார். அது உலகம் முழுக்கப் பரவியது. 1989இல் மயாமியில் அமெரிக்காவின் முதல் போதை நீதிமன்றம் தொடங்கியபோது, நீதிபதி விதிக்கிற சிகிச்சையில் அக்குபங்சரும் ஒன்று. நிக்சனின் மருந்தை மறுத்தவர்களின் ஊசி நீதிமன்ற உத்தரவாக மாறியிருந்தது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

அந்த ஊசி வேலை செய்ததா? கொக்கெய்ன் பழக்கத்துக்கு இது உதவுகிறது என்று 2000இல் 82 பேரை வைத்த ஒரு சிறிய சோதனை சொன்னது. ஆனால் 2002இல் ஆறு நகரங்களில் 620 பேரைச் சீட்டுக் குலுக்கல் போலப் பிரித்துச் செய்த பெரிய சோதனையில், சரியான இடத்தில் குத்தியதும் சம்பந்தமில்லாத இடத்தில் குத்தியதும் சும்மா உட்காரவைத்து அமைதிப்படுத்தும் காணொளி காட்டியதும் ஒரே பலனைத்தான் தந்தன. அதாவது, கொக்கெய்னை விடவைப்பதில் அந்த ஐந்து புள்ளிகளுக்கென்று தனிச் சக்தி எதுவும் தெரியவில்லை.

மெத்தடோன் கதை நேர் எதிர்த்திசையில் போனது. நாடு நாடாக, பத்தாண்டு பத்தாண்டாக ஆய்வுகள் குவிந்தன. 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வின் கணக்கு: மெத்தடோன் சிகிச்சையில் இருக்கிறவர்களில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 11 பேர் சாகிறார்கள், சிகிச்சையை விட்டு வெளியேறியவர்களில் சுமார் 36 பேர். அதோடு, குறுகிய காலத்தில் மருந்தை நிறுத்திப் 'சுத்தமாக்கி' அனுப்புவதில் ஒரு ஆபத்து உண்டு. உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடுகிறது. வெளியே போனவன் பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். பத்து நாள் டீடாக்ஸ் என்பது இந்த ஆபத்தின் வாசலில் ஆளைக் கொண்டுபோய் விடுவதுதான்.

இதைச் சொல்வது எனக்குச் சுலபமில்லை. நான் மதிக்கிற போராளிகள் அவர்கள். ஆனால் பூசி மெழுகினால் நமக்கு எந்தப் பயனும் இல்லை. அரசைச் சந்தேகித்தது சரி. மெத்தடோன் மையங்கள் நடந்த விதத்தைச் சந்தேகித்ததும் சரி. அந்தச் சந்தேகத்தை அப்படியே மூலக்கூறின் மேல் ஏற்றியதுதான் கோளாறு. மருந்து யார் கையிலிருந்து வருகிறது என்பதும், அது உயிரைக் காக்கிறதா என்பதும் தனித்தனிக் கேள்விகள். முதல் கேள்விக்கு அரசியல் பதில் சொல்லும். இரண்டாவதற்கு எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

எண்ணிப் பார்த்தவர்கள் யோக்கியர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மெத்தடோன் வேலை செய்ய ஒரு நாளைக்குக் குறைந்தது 60 மில்லிகிராம் வேண்டும் என்பது நிறுவப்பட்ட விஷயம். அமெரிக்க மையங்களைத் தொடர்ந்து கவனித்த டி'ஆனோ, பொல்லாக் ஆகியோரின் ஆய்வு 2002இல் வந்தது. 1988இல் நூற்றுக்கு ஏறத்தாழ 80 நோயாளிகளுக்கு இந்த அளவுக்குக் குறைவாகவே கொடுத்திருக்கிறார்கள். 2000இல் அது 36 ஆகக் குறைந்தது. முன்னேற்றம்தான். ஆனால் எந்த மையங்கள் அப்போதும் குறைத்துக் கொடுத்தன என்று பார்த்தால், கறுப்பின நோயாளிகள் அதிகம் வருகிற மையங்கள். இந்த ஒரு வாக்கியத்தை நம் மாணவர்கள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மருந்து அதே மருந்து, பாட்டில் அதே பாட்டில், உள்ளே அளவு குறைவு. அரை அளவு கொடுத்தால் மருந்து வேலை செய்யாது. செய்யாதபோது 'பார், இந்த ஆட்களுக்கு எதைக் கொடுத்தாலும் திருந்த மாட்டார்கள்' என்று பழியை நோயாளி மேல் போடலாம். நம்மூர் ரேஷன் கடை எடைக்கல்லை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1972இல் போட்ட விதிகள் மெத்தடோனைத் தனி மையங்களுக்குள் பூட்டிவைத்தன: தினமும் நேரில் வா, கண் முன்னே குடி, சிறுநீர் கொடு. வேலைக்குப் போகிறவன் எப்படித் தினமும் வருவான்? 2002இல் புப்ரெனார்ஃபின் என்ற இன்னொரு மருந்து வந்தது. அதை மருத்துவரின் சொந்த கிளினிக்கிலேயே எழுதித் தரலாம், வீட்டுக்கு எடுத்துப் போகலாம். நியூயார்க்கில் ஹெலனா ஹான்சன் குழுவினர் பகுதிவாரியாகப் பார்த்தபோது, வருமானம் கூடிய வெள்ளையர் பகுதிகளில் புப்ரெனார்ஃபினும், ஏழைக் கறுப்பின, லத்தீன் பகுதிகளில் மெத்தடோனும் என்று கோடு போட்டது போலப் பிரிந்திருந்தது. ஒருவருக்குச் சீட்டு, இன்னொருவருக்கு வரிசை.

இதற்கிடையே ஆராய்ச்சியாளர்களுக்கே ஒரு சங்கடம் உறைத்தது. ஆய்விதழில் வருகிற எதுவும் தெருமுனை மையத்துக்குப் போய்ச் சேரவில்லை. 1998இல் அமெரிக்க மருத்துவக் கழகம் இந்த இடைவெளியைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. மறு வருடம் சமூக மையங்களும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து சோதனை நடத்த ஒரு தேசிய வலையமைப்பு உருவானது. ஒரெகான் மாநிலம் 2003இல் சட்டமே போட்டது: அரசுப் பணத்தில் முதலில் 25 விழுக்காடு, பிறகு 50, பிறகு 75 விழுக்காடு சான்றுள்ள முறைகளுக்கே போக வேண்டும். உடனே அங்கிருந்த பழங்குடிகள் கேட்டார்கள்: உங்கள் சோதனைகளில் எங்கள் ஆட்களே இல்லையே, எங்கள் சடங்கும் படகுப் பயணமும் மூத்தோர் கதைகளும் உங்கள் பட்டியலில் எப்படி ஏறும்? கேட்டதோடு நிற்காமல், தங்கள் முறைகளைத் தாங்களே விவரித்து எழுதி மாநில அங்கீகாரத்துக்குக் கொண்டுபோனார்கள். சான்று என்ற மேசையை உதைத்துத் தள்ளாமல் அதில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். லிங்கன் தோழர்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. அவர்களை எண்ண வந்தவர்கள் போலீசோடு வந்தார்கள்.

இனி நம் பக்கம். 2019இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மிச்சம் 37 பேர் வீட்டில், அல்லது தனியார் 'மறுவாழ்வு இல்லத்தில்'. நான் களப்பணி செய்கிற பகுதியில் அப்படி ஒரு இல்லத்திலிருந்து வந்தவர்கள் முதுகைக் காட்டியிருக்கிறார்கள். பணம் கட்டிச் சேர்த்தது மனைவி, கடன் வாங்கி. உள்ளே கொடுத்தது அடியும் தியானமும். பல வருடம் கடுமையாகக் குடித்தவரைத் திடீரென்று நிறுத்தவைத்து அறையில் பூட்டினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறி உளறல் வரலாம், உயிரே போகலாம். அதைத் தடுக்க விலை குறைந்த மாத்திரைகள் இருக்கின்றன. கூடவே பி1 வைட்டமின் தர வேண்டும், இல்லையென்றால் மூளை பாதிக்கப்படலாம். இதெல்லாம் மருத்துவப் பாடப்புத்தகத்தில் எப்போதோ ஏறிய விஷயங்கள். சேரிக்கு வர மட்டும் நேரமாகிறது.

லிங்கனின் நல்ல பாதியும் சான்றின் நல்ல பாதியும் சேர முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் படிப்போ உளவியல் படிப்போ இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, அளவுமீறிக் குடிக்கும் ஆண்களோடு ஒன்று முதல் நான்கு முறை உட்கார்ந்து பேசவைத்தார்கள். 377 பேர். சீட்டுக் குலுக்கிப் பிரித்ததுதான். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, பேச்சு கிடைத்தவர்களில் 36 விழுக்காட்டினர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 26. கடைசி இரண்டு வாரம் தொடவே இல்லை என்றவர்கள் 42க்கு 18. 2017இல் லான்செட்டில் வந்தது. முற்றிய அடிமை நிலைக்கு இது போதாது, அவர்களுக்கு மருந்தும் மருத்துவரும் வேண்டும். ஆனால் நம் தெருவில் பன்னிரண்டாவது முடித்துவிட்டுச் சும்மா இருக்கிற அக்கா ஒருவர் இந்த வேலையைச் செய்ய முடியும், அதற்குச் சம்பளம் கேட்க முடியும். கடை நடத்துகிற அரசுதானே, அந்தக் கல்லாவிலிருந்து கொடுக்கட்டும்.

தோழர்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. ஆகவே இப்படி ஆட்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தருகிற இல்லம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பிரிவு 20 கொடுமையான, இழிவான நடத்தையிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. பிரிவு 95 சங்கிலி போடுவதைத் தடை செய்கிறது. பிரிவு 22இன்படி என்ன நோய், என்ன சிகிச்சை, என்ன பக்கவிளைவு என்று நோயாளியும் அவர் நியமித்த ஆளும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பிரிவு 25இன்படி மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற இல்லத்துக்கு இரண்டு பேராகப் போங்கள். பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். உள்ளே நம் ஆள் இருந்தால், அவரையோ அவர் நியமித்தவரையோ கூட வைத்துக்கொண்டு அவருடைய சீட்டைக் கேளுங்கள். அதில் மருந்தின் பெயர் எழுதியிருக்கிறதா, எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.